ஷக்ராவின் தலை

என் இடது கை மோதிர விரல் முழுதாக மடங்காது. பேனா பிடிப்பது வலது கை என்பதால் எழுத்துக்குப் பாதகமில்லை. ஆனால் வுழூச் செய்யும்போதும் சோற்றுப் பீங்கானை ஏந்திப் பிடிக்கும்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள். நான் மன்னார்க்காரன் என்று தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தொண்ணூறில நடந்ததா?" என்று கேட்பார்கள். இல்லை, ஒரு குதிரையால் வந்தது என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள்; பிறகு சிரிப்பார்கள். எங்கள் தீவில் கழுதைக்குத்தான் பேர். மன்னாரான் ஒருவன் குதிரையால் விரல் முறிந்தான் என்பது கேட்கிறவர்களுக்குக் கேலியாகத்தான் இருக்கும்.

குதிரை கடிக்கவுமில்லை, உதைக்கவுமில்லை. தப்பு முழுவதும் என்னுடையது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

*

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தவர்கள். வள்ளத்தில் குழந்தைகளின் அழுகை ஓய்ந்திருந்த ஒரு வேளையில், கரைப்பக்கம் கறுப்பாகத் தெரிந்ததைக் காட்டி ஒரு பெரியவர், "அந்தா குதிரைமலை" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். குதிரையும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. பழைய கிரேக்க, ரோம நூல்களில் வரும் 'ஹிப்புரொஸ்' என்ற துறைமுகம் இந்தக் குதிரைமலைதான் என்று சிலர் கருதுகிறார்கள் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றிரவு அது ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று கிடைத்தது. ஊரில் கடை வைத்திருந்த வாப்பா, கொட்டில் வாசலில் யாரோ தந்த ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நிவாரண வரிசைக்கு உம்மாதான் போனார். தண்ணீர் வரிசைக்கு நாங்கள் போனோம். வாப்பா எந்த வரிசையிலும் நிற்கவில்லை. "தலை குனிய வச்சிட்டானுகள்" என்று ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்வார். ஆனால் அவருடைய தலை குனியவேயில்லை. முதுகு நேராக, கழுத்து நிமிர்ந்து, தெருவின் கோடியைப் பார்த்தபடி இருப்பார். இராத்திரியில் எழும்பிப் பார்த்தாலும் அதே இருப்புத்தான். யாராவது சைக்கிளில் வேகமாகப் போனால் சடாரெனத் திரும்புவார். அதை நான் ரோசம் என்று நினைத்தேன். ஊருக்குள் கௌரவமாக வாழ்ந்த மனிசனின் ரோசம். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

1993இல் சவூதிக்குப் போனேன். தோட்டத் தொழிலாளி விசா. ரியாத் நகருக்கு வெளியே ஒரு மஸ்ரஆ. பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் கட்டுவதுதான் வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அங்கே போன இரண்டாம் கிழமை, குதிரை லாயத்தில் வேலை செய்த ஒருவன் ஊருக்குப் போய்விட்டான் என்று என்னை அங்கே மாற்றினார்கள். பதினான்கு குதிரைகள். சாணம் அள்ளுவது, பர்ஸீம் புல் போடுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது. குதிரையை அதற்கு முன் நான் தொட்டதேயில்லை.

லாயத்தின் பொறுப்பாளர் டார்பூர்ப் பக்கத்துச் சூடானியர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த மனிதர். 'அம்மு' என்று கூப்பிடுவோம், சித்தப்பா என்பதுபோல. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. "யா வலத்", பையா, அவ்வளவுதான். தன் தொழிலை அவர் 'ஸாயிஸ்' என்பார். வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் குதிரைக்காரனை 'சயிஸ்' என்று அழைத்தது இந்தச் சொல்லால்தான். அரசியலுக்கு அரபியில் வழங்கும் 'ஸியாஸத்' என்ற சொல்லும் குதிரை பராமரிப்பின் இதே வேரிலிருந்து வந்தது. எங்கள் நாட்டு அரசியலைப் பார்க்கிறபோது, குதிரையோடு பழகிய அனுபவம் இவர்களில் எவருக்காவது இருந்திருக்கலாமே என்று சில வேளை நினைத்துக்கொள்வேன்.

*

ஷக்ரா 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தாள். ஷக்ரா என்றால் செம்பழுப்பு நிறத்தவள். மூன்று வயது அரபுக் குட்டி. லொறியிலிருந்து இறக்கும்போதே தலை வானத்தில் இருந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து, வால் கொடிபோல உயர்ந்து, கண்ணின் வெள்ளை தெரிய நின்றாள். நாங்கள் எல்லாரும் 'மாஷா அல்லாஹ்' என்றோம். சுவர்களில் மாட்டுகிற நாட்காட்டிப் படங்களில் அரபுக் குதிரை அப்படித்தான் நிற்கும். அம்மு மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "பாவம், நல்லாப் பயந்து போயிருக்கிறாள்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. கம்பீரமாக அல்லவா நிற்கிறது?

அவளை முன்பு வைத்திருந்தவர்கள் அழகுப் போட்டிக்குப் பழக்கியிருந்தார்கள். அரபுக் குதிரைகளின் அழகுப் போட்டிகளில் கழுத்தை நீட்டித் தலையை உயர்த்தி நிற்க வேண்டும். அதற்காகத் தாடைக்குக் கீழே மெல்லிய சங்கிலி ஒன்றைப் போட்டு, அதைச் சுண்டிச் சுண்டிப் பழக்குகிறவர்கள் உண்டு. கை அசைந்தாலே தலை மேலே போகும். இப்போது அவளை வாங்கிய முதலாளிக்கு ஏறிச் செலுத்த ஒரு குதிரை தேவை. தலையை வானத்தில் வைத்திருக்கும் குதிரையில் ஏறுவது ஆபத்து. அதைவிட, குதிரைக்கே அது கேடு.

அம்மு இதை எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு கயிற்றுக் கட்டிலை வைத்துத்தான். குதிரையின் உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து தோள் மேடு வரை கழுத்தின் மேற்பக்கமாகத் தடித்த நார் ஒன்று ஓடுகிறது. தலை தாழ்ந்தால் அந்த நார் இழுபட்டு முதுகு மேலெழும்புகிறது. தலை உயர்ந்தால் நார் தளர்ந்து முதுகு பள்ளமாகிறது. பள்ளமான முதுகில் மனிதன் ஏறினால், தளர்ந்த கட்டிலில் ஆள் படுத்த கதைதான். அதுவும் முதுகெலும்பு முற்றுவதற்கு ஐந்தாறு வருடமாகும் மிருகம். வலித்தால் ஓடும். ஓடினால் முன்னங்கால்களில் பாரம் விழும். பாரம் விழுந்தால், விழாமல் இருப்பதற்காக இன்னும் வேகமாக ஓடும். "இவளுடைய வேகம் வேகமில்லை, விழுகிற பயம்" என்பார்.

அப்படியானால் இழுத்துப் பிடித்து நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். இரண்டு கையாலும் இழுத்தால் குதிரை சாய்ந்துகொள்ள நீயே ஒரு சுவரைக் கட்டிக் கொடுத்தது மாதிரி என்றார். முந்நூற்றைம்பது, நானூறு கிலோ மிருகத்தோடு கயிறிழுக்கப் போனால் வெல்வது யார்?

*

அவர் பழக்கிய முறையை முடிந்த அளவு உள்ளபடி எழுதுகிறேன். ஏனென்றால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நடக்காது.

சுபஹ் தொழுத கையோடு, வெயில் ஏறுமுன், குட்டியை லாயத்தின் பின்முற்றத்துக்குக் கொண்டு வருவார். கடிவாளமில்லை, தலைக்கயிறு மட்டும். அவளுடைய இடது தோளருகே நின்று, இடது கையால் தாடைக்குக் கீழே கயிற்றைத் தளர்வாகப் பிடிப்பார். வலது கையின் இரண்டு விரல்களைக் காதுகளுக்குப் பின்னால், உச்சியில் வைப்பார். அமுக்க மாட்டார். விரல்களின் பாரம் மட்டும். பிறகு காத்திருப்பார்.

குட்டி முதலில் தலையை உயர்த்தும். விரல்களும் கூடவே உயரும். கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. பக்கத்துக்கு ஆட்டும். விரல்கள் அங்கேயே இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தற்செயலாக, நிஜமாகவே தற்செயலாக, தலை ஒரு விரற்கடை அளவு கீழே வரும். அந்தக் கணத்தில் அவருடைய கை காற்றில் இருக்கும். எடுத்துவிட்டார். அவ்வளவுதான் பாடம்.

மறுபடியும் விரல்கள். மறுபடியும் காத்திருப்பு. எட்டோ பத்தோ தடவை. அதோடு கொண்டுபோய்க் கட்டிப் புல் போடுவார்.

"குதிரை நீ தொடுவதில் எதையும் படிக்கிறதில்லை யா வலத், நீ விடுவதில்தான் படிக்கிறது" என்றார் ஒரு நாள். விடுவது அரைக் கணம் பிந்தினால் அது வேறெதையோ படித்துவிடும். தலை தாழ்ந்து மறுபடி உயரத் தொடங்கும்போது கையை எடுத்தால், உயர்த்தினால் விடுதலை என்று படிக்கும். நான் செய்து பார்த்தபோது அதுதான் நடந்தது. என் கை எப்போதும் பிந்தியது. ஒரு கிழமை முயன்றும் ஷக்ராவின் தலை எனக்கு முன்னால் மேலே மேலே போனதேயொழியக் கீழே வரவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது, அது எனக்குள். ஒரு மிருகத்தைத் தலை குனிய வைக்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. தலை குனிவு என்ற சொல்லைத் தாயிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்? தமிழில் தலை நிமிர்ந்தால் மானம், குனிந்தால் அவமானம். இதை என் அரைகுறை அரபியில் அம்முவிடம் சொன்னேன். எங்களைத் துரத்தியதையும், வாப்பாவின் கதிரையையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அடைப்புக்குள் புல் மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுப் பெண்குதிரையைக் காட்டினார். அதன் வாய் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அவளை யார் குனிய வைத்தது?" என்று கேட்டார்.

விட்டுவிட்டால் குதிரை ஒரு நாளில் பதினாறு மணித்தியாலம் வரை மேயும். அதாவது வாழ்வின் பெரும்பகுதி தலை கீழேதான். தூரத்தில் ஏதோ அசைகிறது, சிறுத்தையோ நாயோ மனிதனோ என்று தெரியாதபோதுதான் தலை மேலே போகிறது. ஓடத் தயாராகிறது. நாம் அந்த நிலையைப் படம் பிடித்துக் கம்பீரம் என்று சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாப்பா சடாரெனத் திரும்புவது கண்ணுக்கு முன் வந்துகொண்டேயிருந்தது.

*

இரண்டு மாதத்தில் அம்முவின் விரல் பட்டதும் ஷக்ராவின் தலை மார்பு மட்டத்துக்கு வரலாயிற்று. பிறகு கயிற்றைத் தொட்டாலே போதும். பிறகு நடக்கும்போது. அவர் மெதுவாக நடந்து மூச்சை விடுவார், அவளும் மெதுவாவாள். அவர் நின்றால் நிற்பாள். நிற்கவில்லையென்றால் இழுப்பதில்லை, வட்டமாகத் திருப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் மறுபடி நிற்பார். நீண்ட கயிற்றில் வட்டம் ஓடவிடும்போது, பரபரத்து ஓடினால் வட்டத்தைச் சுருக்குவார். சின்ன வட்டத்தில் வேகமாக ஓடுவது கஷ்டம். தானாகவே வேகம் குறையும். குறைந்ததும் வட்டத்தைப் பெரிதாக்குவார், அதுவே வெகுமதி. உள்பக்கத்துக் காது அவர் பக்கம் திரும்புவதைக் காட்டித் தருவார். காது திரும்பினால் அடுத்து நாக்கு உதட்டை நக்கும், அடுத்து மூக்கால் நீளமாக ஒரு மூச்சு வரும், அதற்கடுத்து கழுத்து நீளும் என்று வரிசை சொல்வார். வாயால் சொல்வது ஒரே சொல்: "பிர்ராஹா." ஆறுதலாக. குதிரைக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்பது கடைசி வரை தெரியவில்லை.

பழைய மரத்தடிகள் நான்கை நாலடி இடைவெளியில் தரையில் போட்டு மேலால் நடத்துவார். கால் வைக்கும் இடத்தைப் பார்க்க அவளே தலையைக் கீழே கொண்டு வருவாள். இதில் மனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை, மரத்தைப் போட்டது தவிர.

இடையில் ஒரு கிளைக்கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்கினார்கள், ஆண்டு முடிய நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், கைஸ், ஏடன் பக்கங்களிலிருந்து வந்த குதிரைகள். அந்த வாணிபத்தில் காயலில் இருந்த நம்மவர்களின் பங்கு நாம் பெருமையோடு பேசுகிற விடயம், பேசலாம்தான். ஆனால் அதே பக்கத்தில் போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை; வியாபாரிகளும் அத்தகையவர்களை அழைத்து வருவதில்லை, குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்று. சோறும் இறைச்சியும் சேர்த்து அவித்துக் குதிரைக்குப் போட்டார்களாம். போலோ கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனாலும் குதிரைகளைக் கொண்டு வந்து, ஸாயிஸைக் கொண்டு வராமல் விட்ட அந்தக் கணக்கை நம் வரலாற்று மலர்களில் நான் எங்கும் காணவில்லை.

*

1995 கோடைக்கு முன் அம்மு மகளின் கலியாணத்துக்காக மூன்று மாத விடுமுறையில் ஊருக்குப் போனார். போகும்போது, "நடத்து, நிறுத்து, தலையைக் கேள். வேறெதுவும் வேண்டாம். யாரையும் ஏறவிடாதே" என்றார்.

அவர் போய் இரண்டாம் கிழமை முதலாளியின் மகன்களில் ஒருவர் வந்தார். விருந்தினர் வருகிறார்களாம், அதற்குள் குட்டியில் ஏறிக் காட்ட வேண்டுமாம். தலை இன்னும் சரியாக இறங்கவில்லையே என்றார். சாமான் அறைக்குள் போய் ஒரு கட்டுவாரைக் கொண்டு வந்து என் கையில் தந்தார். கடிவாள வளையத்துக்குள்ளால் விட்டு, முன்னங்கால்களுக்கு இடையால் வயிற்று வாரில் கட்டுவது. இறுக்கினால் தலை மேலே போகாது. உலகமெங்கும் லாயங்களில் இருக்கிற சாமான்தான். பழக்கமுள்ள கையில் கெடுதி குறைவு என்பார்கள். என்னுடையது பழக்கமுள்ள கையல்ல.

நான் மறுத்திருக்கலாம். அம்மு இருந்திருந்தால் மறுத்திருப்பார். எனக்கோ இக்காமா அவர்களுடைய கையில். புத்தளத்தில் கொட்டில் ஒழுகுகிறது என்று உம்மா கசெட்டில் பேசி அனுப்பியிருந்தார். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. என் விரல்களுக்கு இறங்காத அந்தத் தலை எனக்கு எரிச்சலூட்டியிருந்தது. அம்முவுக்கு இறங்குகிறாய், எனக்கு இறங்க மாட்டாயா என்ற எரிச்சல். வாரை நான் கொஞ்சம் விருப்பத்தோடுதான் கட்டினேன்.

தலை இறங்கியது. முதல் நாளே இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அம்மு மூன்று மாதத்தில் செய்ததை நான் அரை மணித்தியாலத்தில் செய்துவிட்டேன். முதலாளியின் மகன் தோளில் தட்டினார். கிட்ட நின்ற எனக்குத்தான் தெரிந்தது. தாடை மார்பை நோக்கி மடிந்திருந்தது. முதுகு பலகைபோல இறுகியிருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. வாயோரத்தில் நுரை. காது இரண்டும் அசையாமல் பின்னால் கிடந்தன. வரிசையில் நின்ற உம்மாவின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்பார். அது ஞாபகம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்போது வரவில்லை. அன்றிரவு வந்தது.

மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் காலை வாரைக் கழற்றினேன். கழற்றியதும் தலை மேலே போனது. லொறியிலிருந்து இறங்கிய நாளைவிட உயரத்துக்கு. அந்த நேரம் பார்த்துத் தீவன லொறி கேற்றுக்குள் நுழைந்து ஹோர்ன் அடித்தது. அவள் பின்னங்கால்களில் எழும்பினாள். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது என்பது லாயத்தின் முதல் பாடம். சாணம் அள்ளுகிற பையனுக்கும் தெரியும். நான் சுற்றியிருந்தேன், இடது கையில் இரண்டு சுற்று. மணலில் எவ்வளவு தூரம் இழுபட்டேன் என்று தெரியாது. விரல் ஒடிந்த சத்தம் மட்டும் கேட்டது. சுள்ளி முறிகிற மாதிரி.

அவள் மதிலோரம் போய் நின்றாள். நான் எழும்பிக் கிட்டப் போனேன். நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கையை உயர்த்தியதும் நடுக்கம் கூடியது.

*

விருந்தினர் வந்தார்கள், போனார்கள். வேறொரு குதிரையைக் காட்டினார்கள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு நான் மறுபடியும் தொடங்கினேன். இந்த முறை விரலை உச்சியில் வைக்க முடியவில்லை; கை பக்கத்தில் வந்தாலே விலகினாள். ஆகவே முதலில் ஒன்றும் செய்யவில்லை. சுபஹுக்குப் பிறகு அவளுடைய அடைப்புக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மறுமூலையில் நின்றாள். பதினோராம் நாள் என்று நினைக்கிறேன், பக்கத்தில் வந்து வாளியை மோந்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கழுத்தில் கை வைத்து எடுத்தேன். வைப்பதைவிட எடுப்பதையே எண்ணினேன். வைப்பு, மூச்சு, எடுப்பு. மாதம் ஒன்றான பிறகு உச்சிக்கு இரண்டு விரல். துணி சுற்றிய கை அவசரமாக எதையும் செய்ய முடியாத கை. அதனாலேயே என் கை முதன்முறையாகச் சரியான நேரத்துக்கு விலகத் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நாள் தலை மார்பு மட்டத்துக்கு வந்தது. இன்னொரு நாள் முழங்காலுக்கு. அங்கேயே நின்று நீளமாக மூச்சு விட்டு, என் சாரம் நனையத் தும்மினாள்.

அம்மு திரும்பி வந்தபோது யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு நேரே அவளிடம் போனார். விரலை வைத்தார், தலை இறங்கியது. வாயோரத்தை விரித்துப் பார்த்தார். முன்னங்கால்களுக்கு இடையே, வார் உரஞ்சி மயிர் கொட்டிய இடத்தில் புது மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது. அதைத் தடவினார். என் விரலைப் பார்த்தார்.

"எத்தனை நாள்?"

"மூன்று."

"பிறகு?"

"எழுபது."

அவர் ஏசவில்லை. "மரத்தடிகளை எடுத்துப் போடு" என்றார்.

*

1996இல் விடுமுறையில் வந்தேன். வாப்பா அதே கதிரையில் இருந்தார். கிடுகு மாறித் தகரம் வந்திருந்தது. கடிதங்களில் நான் அவரை விரட்டிக்கொண்டேயிருந்தேன்: காணி ஒன்று பாருங்கள், கடையொன்று போடுங்கள், எத்தனை நாள் இப்படி என்று. அந்தமுறை பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாளாக அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு, "கடைச் சாவியை நான் எடுத்திட்டு வந்தனா, கதவிலயே விட்டுட்டு வந்தனா எண்டு யோசிக்கிறன்" என்றார். ஆறு வருடமாக அவர் தெருக்கோடியில் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கதவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் ஏதாவது சொல்லியிருந்தால் பேச்சு நின்றிருக்கும். சொல்லவில்லை. அன்று மஃரிப் வரைக்கும் பேசினார்.

நான் திரும்பிப் போனபோது ஷக்ரா அங்கே இல்லை. விற்றுவிட்டார்கள். எங்கே என்று அம்முவுக்கும் தெரியாது. புது ஸாயிஸ் எப்படிப்பட்டவனோ என்றார். அதன் பிறகு அவளைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

போர் முடிந்து மறுவருடம், 2010இல், வாப்பாவை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயது. பஸ்ஸில் முழு வழியும் நிமிர்ந்தே இருந்தார். கடை இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் அரை மதிலும் மிஞ்சியிருந்தன. உள்ளே உடைமுள் மண்டிக் கிடந்தது. கதவே இல்லை. மதிலின் நிழலில் மூன்று கழுதைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. வாப்பா அத்திவாரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு குனிந்து, கல்லிடுக்கில் முளைத்திருந்த நெருஞ்சியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் போடத் தொடங்கினார்.

புத்தளம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு வாயெடுத்தேன். பிறகு நானும் அந்தப் பக்கமாகப் போய், கழுதைகளுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றுகொண்டேன்.